பனிக் குடிலில் ஒரு பேரிங் சத்தம்

ஏசி மெக்கானிக் வீட்டில் ஏசி இல்லை என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். "பகல் முழுக்க அதோட மல்லுக்கட்டிட்டு ராத்திரியும் அது மூஞ்சியிலேயே முழிக்கணுமா?" என்பார். கேட்க ஒரு கொள்கை மாதிரி இருக்கும். உண்மை அவ்வளவு உயர்வானதல்ல. வீட்டில் அந்தப் பேச்சு கோடையில் மட்டும்தான் எழும். கோடையில் சொந்த வீட்டுச் சுவரில் ஓட்டை போட அவருக்கு நேரம் கிடைக்காது. கோடை முடிந்ததும் நேரம் கிடைக்கும், ஆனால் அப்போது யாருக்கும் வியர்க்காது. இப்படியே தள்ளிப் போட்டதில் மகளுக்குக் கல்லூரிக்குப் போகும் வயதாகிவிட்டது.

கம்பெனியில் அவருக்குக் 'கம்ப்ரசர்' என்று பெயர். வாய்க்குள் எப்போதும் ஒரு முனகல் ஓடிக்கொண்டிருக்கும். பாட்டு என்று சொல்லி யாரும் பாட்டை அவமானப்படுத்த மாட்டார்கள். கொஞ்ச நேரம் நிற்கும். பக்கத்தில் இருப்பவர்கள் அப்பாடா என்று மூச்சுவிடும்போது ஓர் உலுக்கலோடு மறுபடி தொடங்கும். மனசுக்குப் பிடித்த வேலை கையில் இருக்கும்போதுதான் அந்த முனகல் வரும் என்பதை அவருடைய மனைவி மட்டும் கவனித்திருந்தாள். கவனித்ததைச் சொன்னதில்லை. சொன்னால் அதையும் நிறுத்திவிடுவார்.

தொழிலைப் பற்றி அவரிடம் ஒரே ஒரு தத்துவம் இருந்தது. "நாம குளிரைத் தயார் பண்றதா ஜனங்க நினைக்கிறாங்க. அப்படி ஒண்ணு கிடையாது. ஒருத்தர் வீட்டுச் சூட்டை அள்ளி அடுத்தவர் ஜன்னல்ல கொட்டுறோம், அவ்வளவுதான்." இதை அவர் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்த அடுத்தவர் அவரேதான். அவர் குடியிருந்தது கட்டடத்தின் மேல் மாடி. பக்கத்து வீட்டு வக்கீலின் அவுட்டோர் யூனிட் மொட்டைமாடியில், சரியாக இவருடைய படுக்கையறை ஜன்னலுக்கு மேலே நின்று, வக்கீல் வீட்டுச் சூட்டையெல்லாம் இரவு முழுக்க இங்கே ஊதிக்கொண்டிருந்தது. அதைப் பொருத்திக் கொடுத்தவரும் இவர்தான்.

அந்தக் கோடையில் கம்பெனிக்குத் திடீரென்று ஊழியர் நலனில் அக்கறை பிறந்தது. வேறெங்கோ ஒருவர் உயரத்தில் மயங்கி விழுந்தார் என்று கேள்விப்பட்ட பிறகு பிறந்த அக்கறை. எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ரத்த அழுத்தம் பார்த்தார்கள். இவர் கையில் பட்டையைச் சுற்றிய கம்பெனி டாக்டர் ஒருமுறை பார்த்தார், மறுமுறை பார்த்தார், பிறகு கருவியைத் தட்டிப் பார்த்தார்.

"தூக்கம் எப்படி?"

"சீசன் முடிஞ்சதும் தூங்குவேன் டாக்டர்."

"மாத்திரை எழுதித் தர்றேன். அது பாதி வேலைதான் செய்யும். மீதியை நீங்கதான் செய்யணும். தினம் ராத்திரி கொஞ்ச நேரம் எந்த வேலையும் பண்ணாம சும்மா இருங்க. மாசக் கடைசியில திரும்பப் பார்ப்பேன். இறங்கலேன்னா உயரத்துல ஏறுற வேலைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மேனேஜர் தோளில் கை போட்டார். "இதுக்கா மூஞ்சியைத் தொங்கப் போடுறீங்க அண்ணே? உங்களை நாங்க விட்டுடுவோமா? என் பக்கத்துலயே ஒரு நாற்காலி போட்டுடலாம். புகார் போன் எடுத்துப் பேசுற வேலை. ஏசி காத்து, சுழல் நாற்காலி. ராஜா மாதிரி இருக்கலாம்."

அந்த நாற்காலியை அவருக்குத் தெரியும். அதில் உட்கார்ந்திருப்பவர் நாளெல்லாம் ஒரே ஒரு வாக்கியம் பேசுவார்: "ஆள் வந்துட்டே இருக்காங்க." இத்தனை காலமாக வந்துகொண்டே இருந்த ஆள் இவர்தான். சுவரோரம் ஏணியில் நின்று, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, இயந்திரத்தின் தகரத்தில் காதை வைத்துக் கேட்கும் நேரம்தான் அவருக்கு வாழ்க்கை; மற்றதெல்லாம் நடுவே வரும் இடைவேளை. ஏணியை எடுத்துவிட்டால் இடைவேளை மட்டும்தான் மிஞ்சும். அதைச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து வேறு அனுபவிக்க வேண்டும்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னார். மனைவி மருந்துக் கடையில் வேலை செய்பவள். மாத்திரைச் சீட்டைப் பார்த்ததும், "நான் சொன்னப்பல்லாம் கேட்கல. இப்ப டாக்டர் சொன்னா மட்டும் இறங்கிடுமாக்கும்" என்று சொல்லிவிட்டு, மறுநாளே கடையிலிருந்து ரத்த அழுத்தக் கருவி ஒன்றைக் கொண்டுவந்துவிட்டாள். அவளுடைய அன்பு எப்போதும் இந்த வரிசையில்தான் வரும்.

ஆனால் சும்மா இருப்பது எப்படி என்பதற்கு மருந்துக் கடையில் ஒன்றும் இல்லை. சும்மா இருப்பதற்காக ஞானிகள் மலையேறிப் போனதாகச் சொல்கிறார்கள். இவர் மலையேறினால் அங்கே அவுட்டோர் யூனிட் வைக்க இடம் எப்படி என்றுதான் பார்ப்பார். முதல் நாள் இரவு சும்மா உட்கார்ந்தார். சற்று நேரத்தில் மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

மகள்தான் வழி கண்டுபிடித்தாள். "அப்பா, உனக்கு வீடியோ கேம்தான் சரிப்படும்."

"எனக்கு எதுக்கும்மா துப்பாக்கியும் சண்டையும்?"

"சண்டையே கிடையாதுப்பா. ஒண்ணுமே நடக்காத கேம்லாம் இருக்கு. மனசு அமைதியாகுறதுக்குன்னே பண்ணியிருக்காங்க."

"ஒண்ணுமே நடக்காததைப் பார்க்கணும்னா உங்கம்மா பார்க்கிற சீரியல் இருக்கே."

"அதுல நடக்குது" என்றாள் மனைவி உள்ளேயிருந்து. "உங்க மண்டையிலதான் ஏறல."

மகள் தன் போனில் ஒரு கட்டுரையைப் படித்துக் காட்டினாள். புழுக்கமான கோடை இரவுகளில் விளையாட ஏற்ற விளையாட்டுகளாம்; மழையும் பனியும் ஏரியும் மனசைக் குளிர வைக்குமாம். எழுதியவர் வீட்டில் ஏசி இருந்திருக்க வேண்டும். இவளுடைய மடிக்கணினியோ எதை ஓட்டினாலும் அடுப்பாகிவிடும். அடியில் கையை வைத்துப் பார்த்தவருக்கு ஆச்சரியம் இல்லை. திரையில் மழை என்றால் சூடு எங்காவது வெளியே வந்துதானே ஆக வேண்டும்? அது மடியில் வந்தது. அவருக்கு இயந்திரத்தின் நேர்மை பிடித்திருந்தது.

முதல் விளையாட்டு ஓர் இரவு ரயில். ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பெய்யும் மழையைப் பார்க்க வேண்டும். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

"எங்க போகுது இது?"

"எங்கயும் போகலப்பா."

"அப்புறம் எதுக்கு ஏறினோம்?"

"அப்பா, பேசாம மழையைப் பாரு."

பார்த்தார். முகத்தில் ஓர் அமைதி வருவதுபோலக்கூட இருந்தது. பிறகு தலையைச் சாய்த்தார். "இந்தப் பெட்டியில ஒரு சக்கரம் தேஞ்சிருக்கு. டக்குடக்குன்னு வருது பாரு. இதை எப்படி ஓட விடுறாங்க?" ரயில் போகிற சத்தமே அதுதான் என்று மகள் விளக்கினாள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அன்று மனைவி எடுத்த அளவு முந்தைய நாளைவிட அதிகம்.

அடுத்தது ஏரியில் மீன் பிடிப்பது. படகில் உட்கார்ந்து தூண்டிலைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் போதும். மீன் சிக்காவிட்டாலும் பரவாயில்லை, அலையைப் பார்க்கலாம். சிக்காவிட்டாலும் பரவாயில்லை என்பதை, விளையாட்டு தன்னைப் பற்றிச் சொல்லும் இளக்காரமாக அவர் எடுத்துக்கொண்டார். விசிறிக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்த மனைவி, "இப்படிக் கொடுங்க" என்று வாங்கி, முதல் வீச்சிலேயே கை நீளத்துக்கு ஒரு மீனைத் தூக்கினாள். அதற்குப் பிறகு அந்த ஏரியில் அமைதி என்பதே இல்லை. ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கி, மகள் வந்து மடிக்கணினியை மூடும்வரை மீன் பிடித்தார்கள்.

"எனக்கு ஒழுங்கா இருந்ததையும் ஏத்தி விட்டுட்டீங்க" என்றாள் மனைவி, பட்டையைத் தன் கையிலேயே சுற்றிப் பார்த்துவிட்டு.

"மீனை நானா உன்னைப் பிடிக்கச் சொன்னேன்?"

தோட்டம் வளர்க்கும் விளையாட்டு ஒன்றும் வந்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பூப்பதைப் பார்த்து ரசிக்க வேண்டும். அவர் பூக்களின் பக்கமே போகவில்லை. வாய்க்காலின் சரிவு தப்பு என்று எல்லாவற்றையும் தோண்டிப் போட்டார். இதற்கிடையில் பகலில் வழக்கம்போல ஏணி. ஒவ்வொரு முறை ஏறும்போதும் இது கடைசியோ என்று ஒரு நினைப்பு. ஓய்வெடுக்காவிட்டால் வேலை போய்விடும் என்ற பயத்தோடு ஓய்வெடுக்கச் சொன்னால் யாரால் முடியும் என்று டாக்டரைக் கேட்டிருக்கலாம். டாக்டருக்கே அன்று வரிசையில் நிறைய பேர் காத்திருந்தார்கள்.

மாதக் கடைசி வந்துவிட்டது. மறுநாள் காலையில் பரிசோதனை. அன்றைக்கு மகள் ஏற்றிக் கொடுத்தது பனிக் குடில்.

மரத்தால் ஆன ஒரு சிறு குடில், கணப்பில் நெருப்பு, ஜன்னலுக்கு வெளியே பனி. அவ்வப்போது விறகு போடலாம், கெட்டிலில் தண்ணீர் காய வைக்கலாம். "குடில்ல இருக்கிற ஆள் படுத்துத் தூங்கினாத்தான்பா சேவ் ஆகும். அதுக்கு முன்னாடி மூடிடாத" என்று எச்சரித்துவிட்டு அவள் தூங்கப் போனாள். காற்று அசையவில்லை. தலையணை சூடு. மேலே வக்கீலின் யூனிட் உறுமிக்கொண்டிருந்தது. மனைவி கருவியை எடுத்துக்கொண்டு வருவதற்குள், "அப்புறம் பார்க்கலாம், இப்பத்தான் கொஞ்சம் அடங்குது" என்று அவர் கையை ஆட்டி அனுப்பிவிட்டார்.

உண்மையாகவே அடங்கியது. விறகு போட்டார். பனியைப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை, நடக்கவில்லையே என்றும் தோன்றவில்லை. கண் செருகியது.

அப்போதுதான் கேட்டது. க்ரீ...ச். இடைவெளி. மறுபடி, க்ரீ...ச்.

கண் திறந்தது. ஆயிரம் சத்தத்துக்கு நடுவிலும் தன் பிள்ளையின் அழுகை தாய்க்குக் கேட்குமாம், இவருக்குப் பேரிங். உருளையில் எண்ணெய் வறண்டு, இரும்பு இரும்போடு உரசத் தொடங்கும் சத்தம். அவுட்டோர் யூனிட்டின் விசிறிதான். வக்கீலுடையது. இன்றைக்கோ நாளைக்கோ இறுகி நின்றுவிடும். நின்றால் மோட்டார் புகையும்.

அது அவர் வேலை இல்லை. புகார் வரவில்லை. விடிந்தால் பரிசோதனை. இவ்வளவும் தெரிந்துதான் கருவிப் பையை எடுத்தார். குடிலில் இருந்த ஆள் இன்னும் படுக்கவில்லை என்பதால் மடிக்கணினியை ஜன்னல் திட்டில், திரை வெளியே பார்த்தபடி, அப்படியே ஓட விட்டுவிட்டு, மொட்டைமாடிக்கு ஏறினார்.

தகரத்தில் காதை வைத்தார். உறுமலுக்கு அடியில், மெல்லியதாக, க்ரீ...ச். சந்தேகமே இல்லை. பக்கத்திலிருந்த சுவிட்சை அணைத்தார். விசிறி தளர்ந்து, சுற்றி, நின்றது. சத்தமும் நின்றது. "பார்த்தியா?" என்றார், யாரும் இல்லாத மொட்டைமாடியிடம்.

போனின் வெளிச்சத்தில் கூட்டைக் கழற்றினார். விசிறியின் நட்டைத் திருகி எடுத்தார். வெயிலில் காய்ந்து வறண்டிருந்த பிளாஸ்டிக் விசிறியை அச்சிலிருந்து உருவும்போது ஒரு 'பட்'. நடுவில் விரிசல் விட்டது. போகட்டும், பழசு. அச்சை விரலால் சுற்றினார். வெண்ணெய்போலச் சுற்றியது. மறுபக்கமாகச் சுற்றினார். அதே வெண்ணெய். ஆட்டிப் பார்த்தார், அசைவில்லை. குறையே இல்லாத ஒரு பேரிங்கில் குறை தேடும் சுவாரசியத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்போது கீழேயிருந்து, அவருடைய சொந்த ஜன்னலிலிருந்து, நிதானமாக ஒரு சத்தம் வந்தது. க்ரீ...ச்.

எட்டிப் பார்த்தார். திரையில் பனிக்காற்று மறுபடி வீசத் தொடங்கியிருந்தது. குடிலுக்குப் பின்னால், தூரத்தில், அவர் இதுவரை கவனிக்காத பழைய காற்றாலை ஒன்று மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சற்றுமுன் அங்கே காற்று ஓய்ந்த நேரமும் இவர் சுவிட்சை அணைத்த நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. அவ்வளவுதான். இதைவிடக் குறைந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு பெரிய நம்பிக்கைகளெல்லாம் உண்டாகியிருக்கின்றன.

"யாரு அங்க?"

பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருக்க, மாடிப்படியின் உச்சியில் வக்கீல் நின்றிருந்தார். ஏசி நின்று, வியர்த்து, விழித்து, காரணத்தைத் தேடி மேலே வந்திருந்தார். காரணம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"நான்தான் சார்."

"என் விசிறியை ஏன் மடியில வச்சிருக்கீங்க?"

"சத்தம் கேட்டுச்சு சார். பேரிங் போயிடுச்சோன்னு..."

"எனக்கு ஒரு சத்தமும் கேட்கலையே?"

"உங்களுக்குக் கேட்காது சார். சத்தம் எங்க வீட்ல."

"உங்க வீட்ல சத்தம் வந்தா என் ஏசியை எதுக்குப் பிரிச்சீங்க?"

கோர்ட்டில் இவ்வளவு சுருக்கமாக அவர் எதையும் கேட்டதில்லை. மெக்கானிக் விரிசல் விட்ட விசிறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேரிங் நல்லாத்தான் சார் இருக்கு" என்றார் கடைசியில், நல்ல செய்தி சொல்லும் குரலில்.

"அது எனக்கு முன்னாடியே தெரியும்யா! ஓடிட்டுதானே இருந்துச்சு!"

இந்தச் சத்தத்தில் மனைவியும் மேலே வந்துவிட்டாள். அளவெடுக்க விடாமல் ஏமாற்றிய ஆளைத் தேடிக் கருவியோடு கிளம்பியவள், பாதிப் படியிலேயே அந்த முனகலைக் கேட்டுவிட்டாள். வக்கீல் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, இவர் அச்சைச் சுற்றிக்கொண்டே ராகமில்லாமல் முனகிக்கொண்டிருந்தார். அவருக்கே தெரியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையில் பட்டையைச் சுற்றினாள்.

"என்னம்மா இது, நான் இங்க நியாயம் கேட்டுட்டு இருக்கேன்..."

"ஒரு நிமிஷம் சார். பேசினா அளவு தப்பா காட்டும்."

வக்கீல் வாயை மூடினார். கருவி ஊதி, இறங்கி, நின்றது. அவள் எண்ணைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், மறுபடி எண்ணைப் பார்த்தாள். அந்த மாதம் முழுக்க இப்படி ஒரு அளவை அவள் பார்த்ததில்லை. டாக்டர் கையெழுத்துப் போடும் அளவு.

"எனக்கும் பாருங்கம்மா. படபடன்னு வருது" என்று வக்கீல் கையை நீட்டினார். பார்த்தாள். கருவி நீண்ட நேரம் யோசித்தது.

"நாளைக்குக் கடைப்பக்கம் வாங்க சார்" என்றாள் மென்மையாக.

காலையில் கம்பெனி டாக்டர் பார்த்தபோதும் அளவு ஏறியிருக்கவில்லை. "என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்.

"வீடியோ கேம் விளையாடினேன் டாக்டர். பனியில ஒரு குடிசை. சும்மா உட்கார்ந்திருக்கணும்."

"பார்த்தீங்களா? அதைத்தானே நான் சொன்னேன்!" டாக்டர் தன் வைத்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். விஷயம் மேனேஜர் காதுக்கு எட்டியது. அன்று மாலையே, எல்லா ஊழியர்களும் தினமும் இரவில் சும்மா இருக்க வேண்டும் என்றும், சும்மா இருந்ததற்கு ஆதாரமாகப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்றும் சுற்றறிக்கை வந்தது. சுழல் நாற்காலி அவருக்காகக் காத்திருந்து ஏமாந்தது. கையெழுத்து வாங்கியது குடிலில் சும்மா இருந்தவரா, மொட்டைமாடியில் அடுத்தவர் இயந்திரத்தைப் பிரித்தவரா என்ற கேள்வியை டாக்டர் கேட்கவில்லை. ஏணியில் ஏறும்போது இவருக்கு மட்டும் அது லேசாக உறுத்தியது. பொய் சொன்ன மாதிரியும் இருந்தது, உண்மை சொன்ன மாதிரியும் இருந்தது.

வக்கீலுடையது பழைய மாடல். அதற்கான விசிறி கையிருப்பில் இல்லை. வேறு கிடங்கிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அதுவரைக்கும் என்ன செய்வது என்று வக்கீல் கேட்டதற்கு மகள்தான் மடிக்கணினியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "பனிக் குடில் அங்கிள். கோடைக்கு ரொம்ப நல்லதாம். எங்கப்பாவுக்கே குறைஞ்சிடுச்சு." வழக்குப் போடுவதா, விளையாடுவதா என்று சற்று நேரம் தடுமாறிவிட்டு வக்கீல் வாங்கிக்கொண்டார்.

அன்று இரவு படுத்தபோது மனைவி சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "ஏங்க, காத்து வருது."

வந்தது. மேலேயிருந்து உறுமலும் இல்லை, அனலும் இல்லை. இத்தனை கோடைகளில் முதல் முறையாக அந்த ஜன்னல் ஜன்னலாக இருந்தது. ஏசி வாங்காமலேயே வீடு குளிர்ந்துவிட்டது. அதற்கு அடுத்த வீட்டு ஏசியைப் பிரித்தால் போதும் என்பது இத்தனை வருட அனுபவத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் தலைக்குப் பின்னால் கைகளைக் கோத்துக்கொண்டார். முனகல் மெல்லத் தொடங்கியது.

பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து அது வந்தது. க்ரீ...ச். இடைவெளி. க்ரீ...ச்.

அவருடைய கண்ணிமை துடித்ததை அவள் பார்த்தாள்.

"சார்!" வக்கீலின் குரல். "இதுல எங்கயோ கீச்சுகீச்சுங்குது சார்! வெளிய ஒரு காற்றாலை தெரியுது, அதுலதான் ஏதோ கோளாறு. கொஞ்சம் வந்து பாருங்களேன்!"

"கூப்பிடுறார்" என்றாள் அவள்.

"ம்."

"போகலையா?"

"அது அப்படித்தான் சத்தம் போடும். அதுக்குன்னே வச்சிருக்காங்களாம்." சற்றுப் பொறுத்து, "அந்த விசிறி நாளைக்கே கிடங்குலேர்ந்து வந்தாலும் வந்துடும்" என்றார்.

"மெதுவா வரட்டுமே" என்றாள் அவள், ஜன்னல் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டு.

வக்கீல் இன்னொருமுறை கூப்பிட்டார். முனகல் நின்றது. அது மறுபடி உலுக்கலோடு தொடங்கும் என்று வழக்கம்போல அவள் காத்திருந்தாள். தொடங்கவில்லை. எட்டிப் பார்த்தபோது வாயைத் திறந்தபடி தூங்கியிருந்தார்.